பிடியை விட்டுக்கொடுக்கும் வித்தை

மண் தடத்தில் ஓடப்போகும், ரேடியோவால் இயக்கப்படும் சிறு டிரக்கைத் தயார் செய்கிறவர் பிடியைத் தேடி அலைகிறார். கார்ப்பெட் விரித்த உள்ளரங்கத் தடத்தில் அவருக்கு அந்தக் கவலை இல்லை. டயர் தரையைத் தொட்டதுமே பிடி கிடைத்துவிடுகிறது, அதுவும் தேவைக்கு மேல். அதில் எவ்வளவை, எந்தச் சக்கரத்தில், திருப்பத்தின் எந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுப்பது என்பதுதான் அங்கே வேலை. இந்தப் பந்தயங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். வேகம் பழகிப்போய்விட்டது. இந்த விட்டுக்கொடுத்தலின் நுணுக்கம் மட்டும் இன்னும் அலுக்கவில்லை.

நான் சொல்வது பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் ‘ஸ்டேடியம் டிரக்’ பற்றி. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் அகலம், பிரஷ்லெஸ் மோட்டார், 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. மோட்டாரின் சக்தி பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். பெயர் நிஜ டிரக்குகளிடமிருந்து வந்தது. மிக்கி தாம்ப்ஸன் என்ற பந்தயக்காரர் 1979இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்துக்குள் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் அமைத்து, பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை நகரத்துக் கூட்டத்தின் முன்னால் ஓடவிட்டார். அந்த மைதானப் பந்தயங்களின் டிரக்குகளைப் பார்த்துத்தான் லோஸி நிறுவனம் ஜேஆர்எக்ஸ்-டி என்ற மாடலையும், அசோசியேட்டட் நிறுவனம், ‘பக்கி’ எனப்படும் சற்று ஒடுக்கமான மண்தட வண்டியான தன் புகழ்பெற்ற ஆர்சி10இலிருந்து ஆர்சி10டி என்ற மாடலையும் கொண்டுவந்தன. பக்கிகளுக்கு 1985 முதல் உலக சாம்பியன் பட்டம் உண்டு. ஸ்டேடியம் டிரக்குக்கு அப்படியொரு பட்டம் கிடையாது. அமெரிக்காவில் தேசியப் பட்டம் உண்டு, ஊர் ஊருக்குக் கிளப் பந்தயம் உண்டு, அவ்வளவுதான். உலகப் பட்டம் இல்லாத ஒரு வகையை இத்தனை பேர் விடாமல் ஓட்டுகிறார்கள் என்பதே அந்த வண்டியின் சுவையைச் சொல்லும்.

ஒஹாயோ, மிச்சிகன், இண்டியானா பக்கம் நவம்பருக்குப் பிறகு வெளித்தடங்கள் பனியில் மூடிப்போகும். பந்தயக்காரர்கள் கிடங்குகளுக்குள்ளும் காலியான கடைக் கட்டடங்களுக்குள்ளும் நுழைந்தது அதனால்தான். க்ளீவ்லாண்டில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையின்போது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் உள்ளரங்கப் போட்டி சமதளக் கார்ப்பெட்டில் ஓடும் கார்களுக்கானது. அதே கார்ப்பெட்டின் மேல் பலகையால் மேடுகள் கட்டி, அவற்றையும் கார்ப்பெட்டால் போர்த்தி, தடத்தின் ஓரங்களுக்குக் குழாய்களைப் படுக்கவைத்தபோது பக்கிகளும் டிரக்குகளும் உள்ளே வந்தன. இன்று இது தனி உலகம். ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே நிறுவனம் ஒரே டிரக்கை எக்ஸ்டி2சி, எக்ஸ்டி2டி என்று கார்ப்பெட்டுக்கு ஒன்றும் மண்ணுக்கு ஒன்றுமாக விற்கிறது. எலும்புக்கூடு ஒன்றே போலத் தோன்றினாலும் இரண்டின் குணமும் வேறு.

எல்லாம் டயரில் தொடங்குகிறது. கார்ப்பெட் டயரின் மேல் நெருக்கமாகச் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் நிற்கும். ஆங்கிலத்தில் ‘பின்’ என்பார்கள். இங்கிலாந்தின் ஷூமாக்கர் நிறுவனத்து ‘மினி பின்’ இந்த வகையின் மூத்தது. காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தில் வேலை பார்த்த சிசில் ஷூமாக்கர் தொடங்கிய நிறுவனம் அது. அவர் உருவாக்கிய ‘பால் டிஃபரன்ஷியல்’, அதாவது சிறு உருண்டைகளைக் கொண்டு இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு, உலகம் முழுக்கப் பரவியது. முளை டயரைக் கார்ப்பெட்டில் வைத்து விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் ரகசியம் புரியும். முளைகள் கார்ப்பெட்டின் இழைகளுக்கு இடையே இறங்கி, சாய்ந்து, பிறகு கவ்வுகின்றன. அந்தச் சாய்வுக்கும் கவ்வலுக்கும் நடுவே இருக்கும் ஒரு நொடித்துண்டுதான் ஓட்டுகிறவர் விரலில் உணர்வது. புது டயரில் முளை நீளம், அதனால் சாய்வு அதிகம். வண்டி முதலில் தயங்கிப் பிறகு சட்டென்று பிடிக்கும். கொஞ்சம் ஓடி முளையின் நுனி மழுங்கியதும் அந்தத் தயக்கம் போய்விடும். ஓட்டத்தில் முளையின் ஒரு முனை மட்டும் தேயும் என்பதால் இடது டயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டுவார்கள். ஒரு நல்ல பந்தயக்காரரின் மேசையில் டயர்கள் வயதுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். புதியது பயிற்சிக்கு, நடுவயது இறுதிச் சுற்றுக்கு. என் ரசனைக்கு நடுவயது டயரில் ஓடும் டிரக்தான் பார்க்க அழகு.

இந்தப் பிடி கேடாக மாறும் இடம் ஒன்று உண்டு. வேகமாக வந்து திருப்பத்தில் ஸ்டியரிங்கை வெட்டும்போது வெளிப்பக்க டயர் வழுக்காமல் கார்ப்பெட்டைக் கவ்வி நின்றுவிட்டால், வண்டியின் உடம்பு மட்டும் தொடர்ந்து போகப் பார்க்கும். உள்பக்கச் சக்கரங்கள் எழும்பும். அடுத்த கணம் டிரக் தலைகீழாகக் கிடக்கும். மண்ணில் இதே தவறுக்குத் தண்டனை ஓர் அடி வழுக்கல். இங்கே கவிழல். ‘டிராக்ஷன் ரோல்’ என்பது இதற்குப் பெயர். அகலத்தின் பாதிக்கும் எடைமையத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. பக்கியைவிட டிரக் அகலமானது, அது சாதகம். ஆனால் சக்கரம் பெரியது, கனமானது, டயரின் பக்கச்சுவர் உயரமானது. அந்தச் சுவர் திருப்பத்தில் வளைந்து, டயரின் ஓரம் கார்ப்பெட்டில் மடங்கும்போதுதான் கவிழ்வு தொடங்குகிறது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்தை நான் பெரிதும் மதிக்கிறேன். முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லிய வளையமாகப் பூசுவது. பசை காய்ந்ததும் ரப்பர் அங்கே கெட்டியாகி வழவழப்பாகிவிடும். வண்டி சாய்ந்து டயரின் ஓரம் கார்ப்பெட்டைத் தொடும்போது முளை இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி போன்ற வளையம் இருக்கும். பிடிக்காது, வழுக்கும். கவிழவேண்டிய வண்டி வெளிப்பக்கம் ஒரு விரலளவு நழுவி நிமிர்ந்துகொள்ளும். பசை எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்பதில்தான் கை தெரியும். கடைசி முளை வரிசையின் அடிவரை பூசுகிறவர் உண்டு. அந்த வரிசையையும் சேர்த்து மூடுகிறவர் உண்டு. அதிகம் பூசினால் கவிழ்வு நிற்கும், கூடவே ஸ்டியரிங்கும் செத்துப்போகும். வண்டி திருப்பத்தில் மூக்கைத் திருப்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும். அளவறிந்தவர் இரண்டு மூன்று ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போய், கவிழாத முதல் கோட்டில் நிறுத்திவிடுவார். காய்ந்த பசையைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இதில் அவசரம் உதவாது.

ஆனால் பசை, வந்த நோய்க்கு மருந்து. நோயே வராமல் பார்ப்பது சஸ்பென்ஷன் கோணங்களின் வேலை. தரையிலிருந்து சேஸிஸின் உயரம் மண் தடத்தில் பெரும்பாலும் 22 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். கார்ப்பெட்டில் அதிலிருந்து நாலைந்து குறைப்பார்கள். எடைமையம் இறங்க இறங்கக் கவிழ்வு தள்ளிப்போகும். எளிதாகச் சொல்லிவிடக்கூடிய விஷயம் அது. சொல்லக் கடினமானது கேம்பர் லிங்க்.

நம் ஊர் டயர்க்கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது கேம்பர் என்ற சொல் காதில் விழுந்திருக்கும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்ற கோணம். டிரக்கில் கீழ்க்கை ஒன்றும், அதற்கு மேலே இழுத்துப் பிடிக்கும் ஒரு மெல்லிய கம்பியும் சேர்ந்துதான் சக்கரத்தை நிறுத்துகின்றன. அந்த மேல்கம்பிதான் கேம்பர் லிங்க். நின்ற நிலையில் சக்கரத்தின் தலை ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை உள்ளே சாய்ந்திருக்கட்டும் என்று வைப்பார்கள். வண்டி திருப்பத்தில் பக்கவாட்டில் சாயும்போது அந்தக் கோணம் எப்படி மாறுகிறது என்பதை லிங்க்கின் நீளமும் இரு முனைகளின் உயரமும் தீர்மானிக்கின்றன. உள்முனைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த முனை தாழும், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள்மையம் உயரும், வண்டி குறைவாகச் சாயும். வாஷரைச் சேர்த்தால் மறுபக்கம். கட்டைவிரல் நகத்தில் நிற்கும் அந்தப் பொட்டு அலுமினியம், ஒரு டிரக்கைச் சிடுசிடுப்பானதாகவும் ஆக்கும், பணிவானதாகவும் ஆக்கும். பின்பக்க லிங்க்கில் அரை மில்லிமீட்டர் மாற்றிவிட்டுத் தடத்துக்குப் போனவர், ஓட்டம் முடிந்து, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். அதைப் பார்க்கவே நான் அந்த மேடைக்குக் கீழே நிற்பதுண்டு.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறவர் ஒரு கண்ணில் தட்டியதும் எதிர்க்கண்ணுக்குப் போய்க் கேட்பார், ஏனென்றால் ஒன்றை இறுக்கினால் இன்னொன்று விலகியிருக்கும். இங்கும் அப்படித்தான். முன்பக்கச் சாய்வைக் குறைத்தால் பின்பக்கம் புதிதாக ஒன்றைப் பேசத் தொடங்கும். அதனால் தேர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுகிறார்கள். இரண்டை மாற்றினால் எது பேசியது என்று தெரியாது.

இனி ஷாக் அப்ஸார்பர், சுருக்கமாக ஷாக். இந்தக் கலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1984இல் வந்த ஆர்சி10 பொன்னிற அலுமினிய சேஸிஸால் கண்ணைக் கவர்ந்தது என்றாலும், அதன் எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக்குகள்தான் மேடு பள்ளத்தில் வண்டியை நம்பி ஓட்டலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தன. இன்றும் அடிப்படை அதுவே. ஓர் உருளை, உள்ளே சிலிக்கோன் எண்ணெய், எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும் ஒரு சிறு பிளாஸ்டிக் பிஸ்டன், பிஸ்டனில் இரண்டோ மூன்றோ துளை. துளையின் விட்டம் 1.6 மில்லிமீட்டரா 1.7ஆ என்பது பெரிய வாக்குவாதம். எண்ணெயின் தடிமனை செண்டிஸ்டோக்கில் சொல்வார்கள். 350 மெல்லியது, 500 கெட்டியானது.

கெட்டி எண்ணெயும் சிறு துளையும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். செய்வதில்லை. திருப்பத்தில் உடம்பு மெல்லச் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. அங்கே பேசுவது பெரும்பாலும் எண்ணெயின் தடிமன். மேட்டில் பறந்து வந்து தரையில் அறையும்போது பிஸ்டன் பாய்கிறது. அப்போது எண்ணெய் துளை வழியே போதிய வேகத்தில் போக முடியாமல் முட்டிக்கொள்ளும், ஷாக் ஒரு கணம் கட்டையாகிவிடும். சிறு துளை இந்தக் கட்டையாதலை முன்னதாகவே கொண்டுவரும். கார்ப்பெட் தடத்தின் மேடுகள் பலகையால் ஆனவை, விளிம்பு கூர்மையானவை, இறங்கும் இடம் கல் போலச் சமதளம். இறங்கும்போது சேஸிஸ் தரையில் அடித்துத் துள்ளக்கூடாது, திருப்பத்தில் உடம்பு தொங்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஷாக்கிடம் கேட்கவேண்டியிருப்பதால்தான் துளையும் எண்ணெயும் தனித்தனியாகத் தேர்வாகின்றன. மண்ணுக்கு வைப்பதைவிட இங்கே எண்ணெய் கெட்டி, ஸ்பிரிங்கும் கெட்டி. ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை அதன் நிறம் சொல்லிவிடும்.

ஷாக் கட்டுவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். உருளையை நேராக நிறுத்தி விளிம்புவரை எண்ணெய் ஊற்றுவார். பிஸ்டனை மெல்ல, மிக மெல்ல, மேலும் கீழும் நகர்த்துவார். அடியில் ஒட்டிக்கிடந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். வேகம் காட்டினால் ஒரு குமிழி நூறாக உடைந்து எண்ணெய் பால் போலாகிவிடும். கடைசிக் குமிழியும் போகும்வரை காத்திருந்து மூடியைப் போட்டு, மூடியின் சிறு திருகைத் திறந்துவைத்து, தண்டை உள்ளே தள்ளுவார். மிகுதி எண்ணெய் அந்தத் துளை வழியே கசியும். துடைத்து, திருகை மூடினால் முடிந்தது. அடுத்தது ஜோடிப் பொருத்தம். இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் எதிரெதிரே படுக்கவைத்துத் தண்டோடு தண்டை முட்டித் தள்ளுவார். இரண்டும் சமமாக உள்ளே போனால் சரி. ஒன்று முந்தினால் இரண்டையும் திறந்து மீண்டும் முதலிலிருந்து. இந்தச் சமத்தன்மை இல்லாத வண்டி இடது திருப்பத்தில் ஒரு மாதிரியும் வலது திருப்பத்தில் இன்னொரு மாதிரியும் ஓடும். வாஷரை எத்தனை மாற்றினாலும் அது தீராது. விலையுயர்ந்த பாகங்களை வாங்கிப் பூட்டிவிட்டு ஷாக்கை அரைகுறையாகக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மோட்டார் எங்கே உட்கார்கிறது என்பதிலும் இதே கதைதான் நடந்தது. வழுக்கும் மண்ணில் பின்சக்கரத்துக்கு எடை வேண்டும் என்பதற்காக மோட்டாரைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். கார்ப்பெட் வந்ததும் அந்த எடை ஊசல்போல ஆடிப் பின்பக்கத்தை வெட்டத் தொடங்கியது. மோட்டார் அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுவுக்கு நகர்ந்தது. அசோசியேட்டட் 2013இல் தன் பக்கியை பி5 என்று பின்மோட்டாரிலும் பி5எம் என்று நடுமோட்டாரிலும் இரண்டாக வெளியிட்டது. டிரக்குகளும் அதே வழியில் வந்தன. டிஃபரன்ஷியலில் உருண்டைகள் போய் எண்ணெய் நிரப்பிய கியர் வந்தது. ஆயிரக்கணக்கான செண்டிஸ்டோக் தடிமனுள்ள எண்ணெய், உள்பக்கச் சக்கரம் லேசாகும்போது சக்தி அங்கே ஓடி வீணாகாமல் பார்த்துக்கொள்ளும். திடீர் விசை வரும்போது சற்று வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச்சைச் சிலர் முழுக்கப் பூட்டிவிட்டு நேரடியாக ஓட்டுகிறார்கள். பிளிங்கி வகுப்பில், அதாவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் மின்னணு உதவிகளை அணைத்து எளிய மோட்டாரில் ஓடும் வகுப்பில், அதற்கு நியாயம் உண்டு, ஏனென்றால் அங்கே சக்தியில் ஒரு துளியையும் இழக்க முடியாது. வலிய மோட்டாரில் அதை நான் விரும்புவதில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது கியர்களுக்கு விழும் அடியை ஸ்லிப்பர் வாங்கிக்கொள்கிறது.

மேடு என்றதும் டிரக்கின் தனி அழகைச் சொல்லியாக வேண்டும். வானில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் பின்சக்கரம் வேகமெடுக்கும், அதன் எதிர்விளைவாக மூக்கு எழும்பும். பிரேக்கைத் தொட்டால் மூக்கு தாழும். இது பக்கியிலும் நடக்கும். டிரக்கின் கனத்த பெரிய சக்கரங்களில் இந்த விளைவு அதிகம் என்பதால், பறக்கும் டிரக் ஓட்டுகிறவரின் விரலுக்கு வெளிப்படையாகக் கட்டுப்படுகிறது. தாழ்வான கூரைக்குக் கீழே, இரட்டை மேட்டின் முதல் மேட்டில் எழும்பி, நடுவானில் ஒரு சிறு பிரேக்கில் மூக்கைச் சாய்த்து, இரண்டாவது மேட்டின் இறக்கச் சரிவில் நான்கு சக்கரமும் ஒருசேரத் தொட்டு உருண்டோடும்போது சத்தம் கூட வராது. தட் என்று சத்தம் வந்தால் அது நேர இழப்பு.

மாலை நேரத்தை எதிர்பார்த்துக் காலையிலேயே வேலை செய்வதுதான் இதில் மிகப் பெரிய திறமை என்பது என் முடிவு. தகுதிச் சுற்று, ஓட்டத்துக்கு 5 நிமிடம். வண்டிக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பாண்டர் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் கம்பியைத் தாண்டும்போதெல்லாம் சுற்று நேரம் பதிவாகும். ஓடி முடித்தவர் உடனே தடத்துக்குள் இறங்கி, அடுத்த குழுவின் கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட நிற்கவேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அவருக்கு ஒரு பள்ளிக்கூடம், யாருடைய வண்டி எந்தத் திருப்பத்தில் எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறது என்று அருகிலிருந்து பார்க்கலாம். பிறகு மேசைக்குப் போய், டயரைத் துடைத்து, உற்பத்தியாளர் அச்சிட்டுத் தரும் செட்டப் தாளில் மாற்றத்தைக் குறித்துக்கொள்வார். பந்தயம் நடக்க நடக்க டயர்களின் ரப்பர் கார்ப்பெட்டில் படிகிறது, ஓடும் கோடு கறுக்கிறது, பிடி ஏறிக்கொண்டே போகிறது. காலையில் கச்சிதமாக இருந்த வண்டி மாலையில் கவிழும்.

அதனால் இந்தப் பந்தயத்தின் வீடியோ எதையாவது பார்க்க நேர்ந்தால் வேகமான வண்டியை மட்டும் தொடராதீர்கள். காலைச் சுற்றுகளில் திருப்பத்தில் முன்பக்கம் கொஞ்சம் தள்ளுகிற, நான்காவதோ ஐந்தாவதோ வருகிற டிரக் ஒன்று இருக்கும். அதன் சொந்தக்காரர் மேசையில் எதையும் மாற்றாமல் டயரை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பார். இறுதிச் சுற்றுக்குள் கார்ப்பெட்டின் பிடி அவர் வண்டி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். முன்னால் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராக உள்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும்போது, அவர் அதே கோட்டில், அதே வேகத்தில், சுற்றுக்குச் சுற்று நேரம் மாறாமல் ஓடிக்கொண்டிருப்பார்.